ஒயின்மென்டில் ஆறாத கடி

கேள்வி:

அம்மாவுக்கு 67 வயது. சீனி வருத்தம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக மறைவிடத்தில் கடி. உடம்புச் சூடு என்று நினைத்து முதலில் வேப்பிலை அவித்த தண்ணீரில் கழுவினார். கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் போய்க் குளித்துப் பார்த்தார். பிறகு நான்தான் பாமசியில் சொல்லி ஒயின்மென்ட் வாங்கிக் கொடுத்தேன். பூசினால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. மூன்று நான்கு விதம் மாற்றியாயிற்று. போன மாதம் அவருடைய உடுப்பில் இரத்தக் கறை கண்டு கேட்டேன். அந்த இடம் வெள்ளையாகப் போயிருக்கிறது, ஒரு பக்கத்தில் பயறளவு தடிப்பாக ஒரு புண் இருக்கிறது என்றார். அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறார். எனக்கும் காட்டவில்லை, டொக்டரிடமும் வர மறுக்கிறார். பல வருடத்துக்கு முன் எடுத்த பாப் பரிசோதனை சரியாக வந்ததாம், அதனால் புற்றுநோய் வராதாம். கனடாவில் இருக்கும் அண்ணா உடனே கொழும்புக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். இது புற்றுநோயாக இருக்குமா? எங்களுக்குத் தொற்றுமா? ஆறாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் ஊசி இதற்கும் சேர்த்துத்தானா?

– ஒரு மகள், திருகோணமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தத் தடித்த புண்ணிலிருந்து சிறிய சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். பெயர் பெற்ற பேராசிரியர் கண்ணால் பார்த்தாலும் அந்தத் துண்டு இல்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டார். ஆகவே இனி ஒரு ஒயின்மென்ட் கூட வாங்க வேண்டாம். இந்தக் கிழமையே அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

கடி மட்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். வயது போன பெண்களுக்கு அந்த இடத்தில் கடி வருவது மிகச் சாதாரணம். சீனி கூடியிருந்தால் பங்கஸ் கிருமி வளரும், கடிக்கும். மாதவிடாய் நின்றபின் தோல் மெலிந்து வறண்டும் கடிக்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை வேறு மூன்று: நிறம் மாறியிருக்கிறது, தடித்த புண் ஒன்று ஆறாமல் இருக்கிறது, இரத்தம் கசிந்திருக்கிறது. மாதவிடாய் நின்று வருடக்கணக்கான ஒருவருக்கு இரத்தம் எங்கிருந்து வந்தாலும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அம்மா புண்ணிலிருந்து என்று நினைத்தாலும் கர்ப்பப்பையிலிருந்து வந்திருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வெள்ளை நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு வருடக் கதையின் மூலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ‘லைக்கன் ஸ்கிளிரோசஸ்’ என்று ஒரு தோல் வருத்தம் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காண்கிறோம். உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்று கருதப்படுகிறது. தோல் வெளிறி, வெங்காயச் சருகு போல மெலிந்து சுருங்கும். வெள்ளைப் பகுதி சிலருக்கு ஆசனவாயைச் சுற்றியும் போயிருக்கும். உள் உதடுகள் காலப்போக்கில் கரைந்து ஒட்டிக்கொள்ளும். இரவில் படுத்தால் கடி கூடும், சொறிந்து சொறிந்து வெடிப்பு விழும், சிறுநீர் பட்டால் எரியும். பலர் இதை வெண்படை என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். வெண்படையில் நிறம் மட்டும்தான் போகும், கடிக்காது, தோலின் தன்மையும் மாறாது. லைக்கன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சுத்தக் குறைவால் வருவதும் இல்லை, யாருடைய நடத்தையாலும் வருவதில்லை. இதை அம்மாவுக்கு முதலில் சொல்லுங்கள். இந்த இடத்தில் ஒரு வருத்தம் வந்தாலே தன்னை யாரோ குறைவாக நினைப்பார்கள் என்ற பயம் நம் பெண்களுக்கு இருக்கிறது. கோயிலுக்குப் போகிற வீட்டிலும் பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டிலும் அது ஒரே மாதிரித்தான்.

லைக்கனுக்கு நல்ல மருந்து உண்டு. குளோபெட்டசோல் என்ற வீரியமான ஸ்டீரோயிட் ஒயின்மென்ட். வழக்கமாக முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதற்கடுத்த மாதம் கிழமைக்கு இரண்டு தடவை என்று குறைத்து வருவோம். பெரும்பாலானவர்களுக்குக் கடி நன்றாக அடங்கும், அதன் பிறகும் அளவோடு தொடர வேண்டும். ஆனால் நீங்கள் பாமசியில் இந்தப் பெயரைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். புண் இருக்கும் இடத்தில் ஸ்டீரோயிட் பூசினால் மேலாக ஆறியது போலத் தோன்றும், சதைத் துண்டைப் பரிசோதிப்பவருக்கும் குழப்பம் வரும். ‘பூசினால் குறைகிறது, விட்டால் வருகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வாங்கிய கிறீம்களில் ஒன்றிலாவது ஸ்டீரோயிட் கலந்திருக்க வேண்டும். பங்கஸ் மருந்து, பக்டீரியா மருந்து, ஸ்டீரோயிட் எல்லாவற்றையும் ஒரே டியூபில் கலந்து விற்கிறார்கள். எந்த வருத்தம் என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் ஒன்று! பாமசிக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்குக் காட்டவும் இல்லை, காட்டக்கூடிய இடமும் இல்லை. பழைய டியூப்களை எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

லைக்கன் இருப்பவர்களில் பெரும்பான்மையோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. 100 பேரில் ஐந்து பேருக்குள்தான். ஒழுங்காக மருந்து பூசி வந்தால் அதுவும் குறைகிறது. அந்தச் சிலரில் ஒருவரா அம்மா என்று பார்க்கத்தான் இந்த அவசரம். வெள்ளைத் தோலின் நடுவே ஒரு இடம் மட்டும் தடித்து, புண்ணாகி, ஆறாமல் நின்றால் அதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம்.

இனிப் பாப் பரிசோதனை. அம்மா சொல்வதையே கிளினிக்கில் பல பெண்கள் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். பாப் என்பது கர்ப்பப்பையின் கழுத்திலிருந்து கலங்களைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது. வெளி உதடுகளையோ அதைச் சுற்றிய தோலையோ அது பரிசோதிப்பதே இல்லை. வெளிப்பகுதியில் வரும் புற்றுநோய்க்கு அப்படி ஒரு முன்கூட்டிய பரிசோதனை இன்னும் கிடையாது. கண்ணால் பார்ப்பதும் கையால் தொட்டுப் பார்ப்பதும்தான். உலகம் முழுவதும் வருடத்துக்கு ஏறத்தாழ 45,000 பெண்களுக்கு மட்டுமே வரும் அரிய நோய் இது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு பார்த்தால் மிகக் குறைவு. அரியது என்பதாலேயே ஒருவருக்கும் முதலில் ஞாபகம் வருவதில்லை, டொக்டர்மாருக்கும்தான்.

அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது? ‘புற்றுநோயா என்று பார்க்கப் போகிறோம்’ என்று சொன்னால் 67 வயது அம்மா கதவைப் பூட்டிக்கொள்வார். பொய் சொல்லியும் கூட்டிப் போக வேண்டாம், அடுத்த தடவை உங்களை நம்ப மாட்டார். ‘அம்மா, இரண்டு வருஷமாப் பார்க்காமலே மருந்து தந்தவை. இனி ஒரு பொம்பிளை டொக்டர் பார்த்துப்போட்டுத் தரட்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். அது உண்மையும்கூட. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த நாளில் பெண் டொக்டர் இல்லாவிட்டாலும் பரிசோதிக்கும்போது ஒரு தாதி பக்கத்தில் நிற்பார், நீங்களும் நிற்கலாம். அம்மா உங்களுக்கே காட்ட விரும்பவில்லை என்றால் திரைக்கு வெளியே இருங்கள். மகளுக்குக் காட்டுவதைவிட அறியாத ஒருவருக்குக் காட்டுவது சிலருக்குச் சுலபம். அதில் மனவருத்தப்படாதீர்கள். உங்கள் ஊர் மிட்வைஃப் மிஸ்ஸோடு அம்மாவுக்குப் பழக்கம் இருந்தால், ஒருநாள் வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்கள். உங்களைப் பெற்ற காலத்தில் வீட்டுக்கு வந்துபோன மிட்வைஃப்பை நினைவிருக்கும் தலைமுறை அது. மகள் சொல்லிக் கேட்காததை மிஸ் சொன்னால் கேட்கும்.

கொழும்புக்குப் போகத் தேவையில்லை, இப்போதைக்கு. அண்ணாவின் அக்கறை புரிகிறது. ஆனால் பயணத்துக்கு நாள் பார்த்து, தங்க இடம் பார்த்து, ஸ்பெஷலிஸ்டை சனல் பண்ண நம்பர் எடுத்து முடிவதற்குள் ஒரு மாதம் போய்விடும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்நோயியல் கிளினிக் நடக்கிறது. சதைத் துண்டு எடுப்பது சின்ன வேலை, பெரிய வசதி ஒன்றும் தேவையில்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் என்றால் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் காட்டி ஒரு கடிதத்தோடு வாருங்கள். ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஓ.பி.டி.யில் ‘கடி’ என்று மட்டும் சொன்னால் இன்னொரு கிறீம்தான் கையில் கிடைக்கும், வரிசையில் நிற்கும் கூட்டம் அப்படி. ஒரு துண்டுக் கடதாசியில் இப்படி எழுதிக் கொடுங்கள்: வயது 67, மாதவிடாய் நின்றுவிட்டது, இரண்டு வருடக் கடி, தோல் வெள்ளை, ஆறாத தடித்த புண், இரத்தக் கசிவு. இந்த ஆறையும் ஒன்றாகப் பார்த்தால் எந்த டொக்டரும் கிறீம் எழுதி அனுப்ப மாட்டார். பார்ப்பவர் சிங்களம் பேசுபவராக இருந்தால் இந்தத் துண்டு இன்னும் உதவும். மொழிபெயர்க்க அடுத்த வரிசையில் நிற்பவரைக் கூப்பிட விடாதீர்கள். அந்தக் கூச்சத்திலேயே அம்மா பாதியை மறைத்துவிடுவார். தாதியைக் கேளுங்கள், அல்லது சிங்களம் தெரிந்த நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

சீனிக் கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் கொண்டு போங்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வகை மாத்திரைகள் இப்போது அதிகம் கொடுக்கப்படுகின்றன. சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றிக் குறைப்பவை அவை. நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு அந்த இடத்தில் பங்கஸ் வரச் செய்யும், கடியைக் கூட்டும். அம்மா அதைக் குடிக்கிறார் என்றால் நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். அஸ்பிரின் அல்லது இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் வேறு மருந்து இருந்தாலும் சொல்ல வேண்டும்.

அங்கே என்ன செய்வார்கள் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் முழுப்பகுதியையும் பார்ப்பார்கள், இரண்டு கவட்டுப் பக்கத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். பிறகு புண்ணின் ஓரத்தில் விறைப்பூசி போட்டு, சில மில்லிமீற்றர் அளவான துண்டு ஒன்று எடுப்பார்கள். ஊசி குத்தும்போதுதான் சுள்ளென்று வலிக்கும். அதன் பிறகு வலி தெரியாது. ஒரு தையல் போட்டாலும் போடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ‘துண்டு எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும்’ என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லுவார்கள். பரவாது. சோதிக்காமலே புண்ணை முழுதாக வெட்டி எறிவதுதான் சிக்கல், பின்னால் எவ்வளவு அகலத்துக்கு வெட்ட வேண்டும், கவட்டில் நெறி கட்டும் நிணநீர்க் கணுக்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று கணிப்பது கடினமாகிவிடும்.

ரிப்போர்ட் வந்தால் மூன்று விதமாக இருக்கலாம். லைக்கன் மட்டும் என்றால் மேலே சொன்ன மருந்தோடு வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்டிக்கொண்டிருப்பது. அப்படி வந்தும் புண் ஆறவில்லையானால் ‘ரிப்போர்ட் நல்லது’ என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. இன்னொரு துண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுத்த துண்டு சரியான இடத்திலிருந்து வராமல் போவதும் உண்டு. இரண்டாவது வகை, ‘வி.ஐ.என்’ என்று எழுதியிருக்கும். தோலின் மேற்படையில் மட்டும் கலங்கள் கெட்டுப் போயிருக்கும், புற்றுநோய்க்கு முந்திய நிலை. அதுவும் இரண்டு விதம். எச்.பி.வி வைரஸோடு வருவது கொஞ்சம் இளைய வயதினருக்கு, புகைப்பவர்களுக்கு அதிகம். லைக்கனிலிருந்து வருவது வயதானவர்களுக்கு. இந்த இரண்டாவது விதம் வேகமாகப் புற்றுநோயாக மாறக்கூடியது, அதை வெட்டி எடுப்பதுதான் வழி.

மூன்றாவது, புற்றுநோய். பெரும்பாலும் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று இருக்கும், பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வகைதான். அந்தத் தாளில் நீங்கள் தேட வேண்டியது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற மில்லிமீற்றர் கணக்கை. புண் 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் ஆழமும் 1 மில்லிமீற்றரைத் தாண்டாமல் இருந்தால், சுற்றிலும் நல்ல தோல் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுப்பதோடு வழக்கமாக முடிந்துவிடும், கவட்டில் கை வைக்கத் தேவையில்லை. 1 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவட்டு நிணநீர்க் கணுக்களையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் புற்றுநோய் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். புண் 4 சென்ரிமீற்றருக்குக் குறைவாக ஒரே இடத்தில் இருந்து, நெறியும் கட்டாமல் இருந்தால், முதற் கணுவை மட்டும் மருந்தால் அடையாளம் கண்டு எடுத்துப் பார்க்கும் முறை உண்டு. அந்த வசதி எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. இல்லாத இடத்தில் கணுக்களைத் தொகுதியாக எடுப்பார்கள். புண் நடுக்கோட்டிலிருந்து விலகி ஒரு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கக் கவடு மட்டும் போதுமாக இருக்கலாம். முன்பெல்லாம் முழுப் பகுதியையும் இரண்டு கவட்டோடு சேர்த்து ஒரே வெட்டாக எடுத்துவிடுவார்கள், பெண்கள் மாதக்கணக்கில் புண்ணோடு கிடப்பார்கள். அந்தப் பழைய கதைகளைக் கேட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். இப்போது தேவையான அளவுக்கு மேல் எடுப்பதில்லை.

இந்தக் கட்டத்தில்தான் வெளியூர்ப் பயணம் வரும். பெண்களுக்கான புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்துக்கு உங்கள் டொக்டரே கடிதம் கொடுத்து அனுப்புவார். கணுவில் நோய் இருந்தால், அல்லது புண் சிறுநீர்த் துவாரத்துக்கோ ஆசனவாய்க்கோ மிக நெருங்கியிருந்தால், ஊரில் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சை தேவைப்படும். சிலருக்கு அதோடு கிழமைக்கு ஒரு தடவை சிஸ்பிளாட்டின் ஊசியும் ஏற்றுவார்கள். ஐந்து ஆறு கிழமை, சனி ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழையிலும், மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலையிலும் கதிர்ச் சிகிச்சை கிடைக்கிறது. உறவுக்காரர் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று யோசித்து டொக்டரோடு பேசி முடிவெடுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை, பயணமும் தங்குமிடமும்தான் செலவு. அண்ணாவின் காசு அங்கே பயன்படட்டும்.

குணமாகும் வாய்ப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்கப் பதிவுகளின்படி, நோய் அந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100க்கு 85 பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். கவட்டுக் கணுவுக்குப் போய்விட்டால் அது ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிடுகிறது. 

கணு எடுத்த பிறகு கவட்டுக் காயம் பிரிவதும் நீர் கட்டுவதும் அடிக்கடி நடக்கும், பயப்பட வேண்டாம், டிரெஸ்ஸிங்கில் ஆறிவிடும். கால் வீக்கம்தான் நீண்ட காலத் தொல்லை. காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ஏறிக் காய்ச்சலோடு கால் சிவந்துவிடும், சீனி வருத்தக்காரருக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். உச்சி வெயிலில் கோயில் வீதியில் வெறுங்காலோடு சுற்றுவதை விடச் சொல்லுங்கள். ஒப்பரேஷனுக்கு முன்பே சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தால் காயம் ஆறுவதில் பெரிய வித்தியாசம் தெரியும். முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள், நோய் திரும்ப வருவதானால் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.

அதுவரை வீட்டில்: சவர்க்காரம், டெட்டோல், வேப்பிலைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். தளர்வான பருத்தி உள்ளாடை. சிறுநீர் பட்டு எரிந்தால் போகும்போதே தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். கன்னியாவுக்குப் போவதால் மனதுக்குச் சுகம் என்றால் போகட்டும், புண் ஆறிய பிறகு.

தொற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். புற்றுநோய் யாருக்கும் தொற்றாது. அம்மாவின் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டியதில்லை, ஒரே குளியலறையைப் பாவிக்கலாம். எச்.பி.வி வைரஸ் வேறு விஷயம், அது உடலுறவின் வழியாகப் பரவும். மிகப் பொதுவான கிருமி, கலியாணம் செய்த பெரும்பாலானோர் எப்போதாவது ஒருமுறை அதைச் சந்தித்திருப்பார்கள், பலருக்குத் தானாகவே போய்விடும். அம்மாவின் வயதில், வெள்ளைத் தோலோடு வரும் புண்ணுக்கு அது காரணமாக இருப்பது குறைவு. அப்பாவைப் பற்றி யாரும் எதையும் கிளற வேண்டாம்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவது அந்த வைரஸுக்கு எதிரான ஊசிதான். இலங்கையில் 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு இரண்டு தடவையாக இலவசமாகப் போடுகிறார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கத்தான் முக்கியமாக வந்தது, ஆனால் எச்.பி.வி.யால் வரும் வெளிப்பகுதிப் புற்றுநோயையும் தடுக்கும். லைக்கனிலிருந்து வருவதை அது தடுக்காது. ஊசி போட்ட பிள்ளைக்குப் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று பரவும் கதையில் உண்மை இல்லை. முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் ஆறு மாத இடைவெளி. அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் 35 வயதைத் தாண்டியவர் என்றால் அதே பணிமனையில் வெல் வுமன் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு வாருங்கள். பரிசோதிக்கும்போது வெளிப்பகுதியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.